அப்பாவும் ரெண்டு பாட்டில் உறைஞ்ச தேனும்

தேன் பத்தி ஒரு த்ரெட். கொஞ்சம் நீளம். வீட்ல கைக்குழந்தை இருக்கிறவங்க, சீக்கிரம் குழந்தை பிறக்கப்போற வீட்டுக்காரங்க தயவு பண்ணி கடைசி வரைக்கும் வாசிங்க. மத்தவங்க சாயா குடிச்சுக்கிட்டே நிதானமா வாங்க.

நான் இங்கிலாந்துல குடும்ப டாக்டரா இருக்கேன். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். இங்கே வீட்டுக்குப் பின்னாடி மூணு தேனீப் பெட்டி வெச்சிருக்கேன். தொழில் எல்லாம் இல்லை, பொழுதுபோக்கு. வாரம் முழுக்க பத்து பத்து நிமிஷமா நோயாளிகளைப் பார்த்துட்டு, ஞாயித்துக்கிழமை பெட்டியைத் திறந்து அந்த ரீங்காரத்தைக் கேட்டா மனசு கொஞ்சம் அடங்கும். வேற ஒண்ணும் பெரிய காரணம் கிடையாது.

ஆனா அப்பாவுக்கு இது தொழில். மார்த்தாண்டம் தேன் ஏன் பேர் வாங்குச்சுன்னு தெரியாதவங்களுக்கு: 1920கள்லயே அங்கே ஒய்.எம்.சி.ஏ. மூலமா மரப்பெட்டியில தேனீ வளர்க்கக் கத்துக் கொடுத்தாங்க. சுத்தி இருக்கிறது எல்லாம் ரப்பர் தோட்டம். ரப்பர் மரம் இலை உதிர்த்து தை மாசி வாக்குல தளிர் விடும்போது, இலைக்காம்புல இருக்கிற சுரப்பியில இருந்து மதுரம் கசியும். பூவே வேண்டாம், தளிரே போதும். அப்பா அறுபது பெட்டி வரைக்கும் வெச்சிருந்தார். 1991, 92ல தென்னிந்தியா முழுக்க தாய்லாந்து பைப்புழு நோய்னு ஒரு வைரஸ் வந்துச்சு. புழுக்கள் தண்ணி நிறைஞ்ச பை மாதிரி ஆகி அறைக்குள்ளேயே செத்துப்போகும். அறுபது பெட்டியில நாலுதான் மிஞ்சுச்சு. அதுக்கப்புறம் அவர் ரப்பர் பால் வெட்டித்தான் என்னைப் படிக்க வெச்சார்.

அம்மா போனப்புறம் போன வருஷம் மூணு மாசம் என்கூட வந்து இருந்தார். வயசு 78. சர்க்கரை வியாதி உண்டு. வந்த மறுநாளே என் பெட்டியைத் திறந்து பார்த்துட்டு, "ஈ எல்லாம் எரும கணக்கா இருக்கே மக்கா"ன்னார். நம்ம ஊர் அடுக்குத் தேனீயை விட ஐரோப்பியத் தேனீ பெருசு.

அப்பதான் எங்க தேனீ வளர்ப்போர் சங்கத்துல தேன் கண்காட்சி அறிவிப்பு வந்துச்சு.

ஊட்டியில மலர்க் கண்காட்சி நடக்கும் இல்லையா, இங்கே அது மாதிரி தேனுக்கு நடக்கும். இலையுதிர் காலத்துல ஊர் ஊருக்குச் சின்னச் சின்னதா வைப்பாங்க. பெருசா தேசிய அளவுல 1923ல இருந்து ஒண்ணு நடக்குது. எங்களுது சின்னது. கிராமத்துப் பொது மண்டபம், மடக்கு மேஜை, வெள்ளைத் துணி, ஓரத்துல டீயும் கேக்கும். மொத்தமே எழுபது எண்பது பேர் வருவாங்க.

சின்னதுன்னு நினைச்சு விதிமுறைகளை அலட்சியமா எடுத்துக்காதீங்க. எம்.பி.பி.எஸ். பிராக்டிகல் தேர்வை விட மோசம். 454 கிராம் பாட்டில் ரெண்டு, அதாவது பழைய ஒரு பவுண்டு அளவு. ரெண்டும் அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணா இருக்கணும். கண்ணாடியில ஒரு கைரேகை இருக்கக் கூடாது. மூடிக்கும் தேனுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியக் கூடாது. தேன்ல காத்துக் குமிழி, தூசி, மெழுகுத் துணுக்கு எதுவும் மிதக்கக் கூடாது. மேல நுரை கட்டினா, சமையலறையில சாப்பாடு மூடற மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தேன் மேல படிய வெச்சு ஒரே இழுப்புல எடுத்தா நுரை அதோட வந்துடும். முந்தின நாள் ராத்திரி 11 மணிக்கு நான் அதைப் பண்ணிட்டிருந்தப்ப அப்பா பின்னாடி நின்னு பார்த்தார்.

"தேனுக்கா இது? பொண்ணு பாக்க வாறாங்களா?"

நான் கொண்டுபோக நினைச்சது தெளிவான கோடைத் தேன், பொன்னிறம். ஒரு வாரம் முன்னாடி விண்ணப்பம் நிரப்பும்போது அப்பா பட்டியல்ல என்னென்ன பிரிவு இருக்குன்னு கேட்டார். வெளிர் நிறம், நடு நிறம், அடர் நிறம், அடையோட வெட்டினது, மெழுகு, தேன்ல செஞ்ச மது, தேன் கேக்னு படிச்சுக்கிட்டே வந்தேன். "தானா உறைஞ்ச தேன்"னு சொன்னதும் நிறுத்தினார்.

"உறைஞ்சதுக்குமா பரிசு?"

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் என் ஷெட்டுல ஒரு மூலையில கிடந்த பாட்டில்களைக் காட்டி, "அதுல ரெண்டு எடுத்துக்குவோம்"னார். வசந்த காலத்துல பக்கத்து வயல்ல மஞ்சள் பூ பூக்கும் எண்ணெய்க் கடுகு போட்டிருந்தாங்க. அந்தத் தேன் எடுத்த ரெண்டு வாரத்துல வெண்ணெய் மாதிரி உறைஞ்சு போச்சு. வீட்ல சாப்பிட்டுக்கலாம்னு ஒதுக்கி வெச்சிருந்தேன். இருபது பாட்டிலையும் ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்து, அரை மணி நேரம் கழிச்சு ரெண்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிடறேன். உறைஞ்ச தேன் கலப்படத் தேன் இல்லை. தேன்ல பெரும்பகுதி ரெண்டு சர்க்கரைதான், ஃபிரக்டோஸ், குளுக்கோஸ். குளுக்கோஸ் கூடுதலா இருக்கிற தேன் சீக்கிரம் உறையும். கடுகுப்பூத் தேன், ரப்பர் தேன் ரெண்டும் அந்த ஜாதி. நம்ம வீடுகள்ல இதைப் பார்த்ததும் "சீனிப்பாகு ஊத்திட்டான்"னு தூக்கிப் போட்டுடறோம். வெதுவெதுப்பான தண்ணியில பாட்டிலை வெச்சா இளகிடும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை 10 மணிக்குள்ள மேஜையில வைக்கணும். வழியில ஒரு வேகத்தடையில கார் குலுங்கி, என் தெளிவான தேன் மூடியில ஒட்டிக்கிச்சு. மூடி உள்பக்கம் தேன் ஒட்டியிருந்தாலும் மதிப்பெண் போகும். நல்லவேளை, புது மூடி கையில இருந்துச்சு. அங்கேயே மாத்தி, துணியால கடைசியா ஒரு தடவை துடைச்சு வெச்சேன். இந்தத் துணியை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அப்புறம் எல்லாரையும் வெளியே அனுப்பிட்டு மண்டபத்தைச் சாத்திடுவாங்க. உள்ளே என்ன நடக்கும்னு அப்பாவுக்குச் சொன்னேன். முந்தின வருஷம் நான் நடுவருக்கு உதவியாளா நின்னதால தெரியும். நடுவர் நம்மளை மாதிரியே வெள்ளைக் கோட்டுப் போட்டிருப்பார். நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க அளவுக் கண்ணாடி உண்டு. டார்ச் அடிச்சுத் தேனுக்குள்ள பார்ப்பார். மூடியைத் திறந்த உடனே மூக்கைக் கொண்டுபோவார், முதல் வாசனை ஒரு நொடிதான் இருக்கும். கண்ணாடிக் குச்சியால ஒரு துளி எடுத்து நாக்குல வைப்பார். பாட்டில்ல பேர் இருக்காது, எண் மட்டும்தான்.

கவனிச்சீங்களா? தண்ணியில விட்டுப் பார்க்கலை, தீக்குச்சி கொளுத்தலை, எறும்பு மொய்க்குதான்னு பார்க்கலை, நாயைக் கூப்பிடலை. வாட்ஸப்ல வர்ற இந்தப் பரிசோதனை எதுவும் கலப்படத்தைக் காட்டாது. சர்க்கரைப்பாகு நல்லா கெட்டியா இருந்தா அதுவும் தண்ணிக்கு அடியில போய் உக்காரும். நடுவரோட நாக்குகூட எல்லாக் கலப்படத்தையும் கண்டுபிடிக்காது. அதுக்கு ஆய்வகம்தான் வேணும்.

2 மணிக்குக் கதவு திறந்துச்சு.

என் தெளிவான தேனுக்கு ஒண்ணும் இல்லை. பக்கத்துல ஒரு சின்னத் துண்டுச் சீட்டு, அதுல ஒரே வார்த்தை: நூலிழை. குனிஞ்சு வெளிச்சத்துல பார்த்தேன். தேனுக்கு நடுவுல ஒரு வெள்ளை நூல் ஜம்முன்னு நிக்குது. துடைச்ச துணி. அறுவை சிகிச்சை அரங்கத்துல துணியை எண்ணி எண்ணி வைக்கச் சொல்லிக் கொடுத்தாங்க, எனக்குப் புத்தி வரலை.

அப்பா என்னை விட்டுட்டு அடுத்த மேஜைக்குப் போயிருந்தார். உறைஞ்ச தேன் மேஜை. ஏழு ஜோடி பாட்டில். அவர் தேர்ந்தெடுத்த ஜோடிக்கு முன்னாடி நீல நிற அட்டை, இரண்டாம் பரிசு.

நான் போனப்ப அவர் அட்டையைப் பார்க்கலை. முதல் பரிசு வாங்கின பாட்டிலைக் கண்ணோரமா ஆராய்ஞ்சுக்கிட்டிருந்தார். "குருணை நம்மள விட நைஸு. தோள்ல வெள்ளப் பூ இல்ல, மேல தண்ணி பிரியல்ல. கொள்ளாம். அவனுக்குக் கொடுத்தது சரிதான்."

அப்புறம்தான் சொன்னார். 80கள்ல ஒரு தடவை அவர் அனுப்பின பன்னிரண்டு டின் ரப்பர் தேன் திரும்பி வந்துச்சாம். வாங்கினவர் ஆள் விட்டு, நாலு பேர் முன்னாடி முற்றத்துல இறக்கி வெச்சுட்டு, "சீனிப்பாகு காய்ச்சி விக்கியதுக்கு வேற ஆளப் பாரு"ன்னுட்டுப் போனாராம். அது அந்தக் குளிருக்கு உறைஞ்ச தேன். எனக்கு அப்ப எட்டு வயசு இருக்கும். டின் வந்தது நினைவிருக்கு, எதுக்கு வந்ததுன்னு இத்தனை வருஷம் தெரியாது. அம்மா தினமும் தோசைக்குத் தேன் ஊத்தினது மட்டும் ஞாபகம்.

ஒரு வயசான வெள்ளைக்கார அம்மா வந்து, "இது உங்களோடதா? ரொம்ப அருமையா உறைஞ்சிருக்கு"ன்னு அவர் கையைக் குலுக்கினாங்க. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கிட்டு, "சாயா எங்க கிடைக்கும்?"னார்.

டீ மேஜையில தேன் கேக். அப்பா கை அதுக்குப் போச்சு. சர்க்கரை நோயாளிகளுக்கு இங்கே ஒரு வரி: தேன் சர்க்கரைதான். ஒரு மேஜைக்கரண்டித் தேன்ல கிட்டத்தட்ட 17 கிராம் சர்க்கரை. சீனிக்குப் பதிலா தேன் போட்டுக்கிறேன்னு நீங்க சொன்னா உங்க ரத்தம் அதை நம்பாது. அப்பாவுக்கு அன்னைக்கு ஒரு துண்டு அனுமதிச்சேன். ரெண்டாவது துண்டு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கார்.

கண்ணாடிச் சுவர் வெச்ச ஒரு பெட்டியில உயிரோட தேனீக்களைக் காட்டிக்கிட்டிருந்தாங்க. பசங்க கூட்டமா நின்னு ராணியைத் தேடினாங்க. அப்பா பத்து விநாடியில விரலை வெச்சார்.

ஆனா அன்னைக்கு அவர் ரொம்ப நேரம் நின்ன இடம் வேற. மூலையில தேனீ நோய்கள் பத்தி ஒரு மேஜை. வர்ரோவா உண்ணி படம் இருந்துச்சு. இது நம்ம ஆசியத் தேனீயோட காலங்காலமா வாழ்ந்த உண்ணி. அங்கிருந்து ஐரோப்பியத் தேனீக்குத் தாவி, 1992ல இங்கிலாந்துக்குள்ள வந்துடுச்சு. "எனக்கு போன அதே வருஷம்"னார் அப்பா.

பக்கத்துல இன்னொரு படம். அமெரிக்கன் ஃபவுல் ப்ரூட். இது பாக்டீரியா. செத்த புழுவைத் தீக்குச்சியால தொட்டு இழுத்தா கோந்து மாதிரி நூலா வரும். இந்த நோய் ஒரு பெட்டியில இருக்குன்னு இங்கே உறுதியானா குழி வெட்டி, தேனீ, அடை, தேன் எல்லாத்தையும் எரிச்சுடுவாங்க, சட்டம். ஏன்னா அந்தக் கிருமி வித்து வடிவத்துல பல பத்தாண்டு சாகாம கிடக்கும். தேனுக்குள்ளயும் கிடக்கும். அதனாலதான் கடைத் தேனை வாங்கித் தேனீக்கு ஊட்டவே கூடாதுன்னு எங்களுக்கு முதல் பாடம்.

அப்பா அந்த மேஜைக்காரர்கிட்ட என் மூலமா ஒரே ஒரு கேள்வி கேட்டார். பெரிய ஈ அந்தத் தேனைக் குடிச்சா சாகாதா?

சாகாதாம். வளர்ந்த தேனீக்கு ஒண்ணும் ஆகாது. முட்டையில இருந்து வந்து ஒண்ணு ரெண்டு நாளே ஆன புழுவுக்கு ஊட்டினா மட்டும்தான் அந்த வித்து முளைக்கும்.

"வளந்ததுக்கு ஒண்ணுமில்ல, பிஞ்சத்தான் கொல்லும்." அப்பா தலையாட்டிக்கிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது பரிசு வாங்கின பாட்டில் ரெண்டையும் மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்: "ஒண்ணு நான் ஊருக்குக் கொண்டு போறேன். பிள்ளைக்கு சேனை வைக்கியதுக்கு."

அக்கா மகளுக்கு நவம்பர்ல பிரசவம். அப்பாவுக்கு முதல் பூட்டப்பிள்ளை. எங்க குடும்பத்துல பிறந்த குழந்தை நாக்குல முதல்ல தேன் தொட்டு வைக்கிறது வீட்டுல மூத்தவர்தான். சில வீட்ல தேன்ல பொன்னை உரசியும் வைப்பாங்க. வைக்கிறவங்க குணம் குழந்தைக்கு வரும்னு நம்பிக்கை. எனக்கும் அவர்தான் வெச்சார், அவரோட சொந்தப் பெட்டித் தேன்.

கைக்குழந்தையோட வர்ற எத்தனையோ அம்மாக்கள்கிட்ட இருபத்தஞ்சு வருஷமா நான் சொல்ற விஷயம் இது: ஒரு வயசு முடியற வரைக்கும் தேன் கூடாது, ஒரு துளிகூட. சொல்ல எனக்கு அரை நிமிஷம் ஆகும். அன்னைக்குக் கார்ல எனக்கு வாய் வரலை. நாப்பது வருஷம் கழிச்சு ஒருத்தரோட தேனை நாலு பேர் முன்னாடி நல்ல தேன்னு சொல்லியிருக்காங்க. அந்தத் தேனைத்தான் குழந்தைக்குக் கொடுக்காதீங்கன்னு நான் சொல்லணும்.

சொன்னேன். நான் எதிர்பார்த்த பதில்தான் வந்துச்சு. "கடையில விக்கிய கலப்படத்துக்குச் சொல்லியது மக்கா அது. இது சுத்தமான தேன். நீயே பாத்தியே." அடுத்தது: "உனக்கும்தானே வெச்சேன். நீ டாக்டர் ஆகல்லியா?"

உங்க வீட்லயும் இதே ரெண்டு கேள்விதான் வரும். அதனால விவரமா சொல்றேன்.

மண்ணுல க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்னு ஒரு கிருமியோட வித்து இருக்கு. தூசியோட பூவுக்குப் போகும், தேனீயோட தேனுக்கு வரும். தேன் சுத்தமா கலப்படமாங்கிற பேச்சுக்கே இதுல இடமில்லை. காட்டுத் தேன், மலைத் தேன், பரிசு வாங்கின தேன், எதுலயும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, ருசியில தெரியாது. கொதிக்க வெச்சாலும் சாகாது. நாம சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, நம்ம குடல்ல ஏற்கெனவே குடியிருக்கிற நல்ல கிருமிகள் அதை முளைக்க விடாது. பிறந்த குழந்தையோட குடல்ல அந்தக் காவல் இன்னும் வரலை. அங்கே வித்து முளைச்சு நச்சைச் சுரக்கும். முகச் சுருக்கம் போக ஊசி போட்டுக்கிறாங்களே, அதே நச்சுதான். முதல்ல மலச்சிக்கல். அப்புறம் அழுகைச் சத்தம் குறையும், பால் உறிஞ்ச முடியாது, இமை தொங்கும், கழுத்து நிக்காது, உடம்பு துவண்டு போகும். மோசமானா மூச்சுத் தசையும் நின்னுடும். மருந்து இருக்கு, ஆனா வாரக்கணக்குல வென்டிலேட்டர்ல இருக்க வேண்டி வரலாம். 1976லதான் மருத்துவ உலகமே இதைத் தனி நோய்னு அடையாளம் கண்டுச்சு. நம்ம பாட்டிகளுக்குத் தெரியாம இருந்ததுல அவங்க தப்பு ஒண்ணும் இல்லை.

அரிதான நோயா? அரிதுதான். நான் நேர்ல ஒரு குழந்தையைக்கூடப் பார்த்ததில்லை. சேனை வெச்ச எல்லாக் குழந்தைக்கும் வந்திருந்தா நாம யாரும் இங்கே இருக்க மாட்டோம். ஆனா தேன் அந்தக் குழந்தைக்கு எதையும் கொடுக்கலையே. அதுக்கு வேண்டியது சீம்பால், அது அம்மாகிட்ட இருக்கு. பதிலுக்கு ஒண்ணும் கிடைக்காத இடத்துல எதுக்கு அந்தக் கொஞ்சூண்டு ஆபத்தையும் வாங்கணும்?

இது அத்தனையும் அப்பாகிட்ட சொன்னேனான்னு கேட்டீங்கன்னா, இல்லை. ஆரம்பிச்சேன், குடல், கிருமின்னு ஏதோ உளறினேன். அவர் ஜன்னல் வழியா வெளியே பார்த்துக்கிட்டு வந்தார். அப்புறம் எனக்கு அந்த மேஜை ஞாபகம் வந்துச்சு.

"அப்பா, அந்தக் கோந்து மாதிரி இழுக்கிற நோய் பாத்தீங்க இல்லியா."

"ஆமா."

"அது மாதிரிதான் இதும்."

ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லலை. சிக்னல்ல நின்னப்ப பாட்டிலை ஒரு தடவை தூக்கி வெளிச்சத்துல பார்த்தார்.

"பிஞ்சுக்கு ஆகாதுன்னு சொல்லுக."

"ஆமாப்பா. ஒரு வயசு கழிஞ்சா கொடுக்கலாம்."

"தாய் தின்னலாமா? பால் வழியா போவாதா?"

நல்ல கேள்வி, பல பேர் கேட்க மறந்துடற கேள்வி. தாராளமா சாப்பிடலாம், தாய்ப்பால் வழியா போகாது. ஆனா பாட்டிலைத் தொட்ட கையோட குழந்தை வாய்ல விரல் வைக்கக் கூடாது, கழுவிடணும். ரப்பர் நிப்பிள்ல தடவிக் கொடுக்கிறதும் கூடாது.

அன்னைக்கு ராத்திரி அக்காவுக்கு வீடியோ கால் போட்டார். நீல அட்டையைக் கேமராவுல முட்டற அளவுக்குக் காட்டினார். அக்கா முதல் கேள்வியே, "சேனைக்கு அந்தத் தேன் வருமா அப்பா?"ன்னுதான் கேட்டா. நான் அடுப்படியில காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன்.

"அதெல்லாம் வேண்டாம். பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுத்தா போதும். நான் வெறுங்கையோட வந்து தொட்டுப் பாத்துக்கிடுதேன்"னார். என் பேரையோ டாக்டர்ங்கிற வார்த்தையையோ எடுக்கலை. ஏன்னு அவ கேட்டதுக்கு, முப்பது வருஷத்துக்கு முன்னாடி செத்த புழுக்களைப் பத்தி அரை மணி நேரம் பேசினார்.

ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின நாள் என் பேனாவைக் கேட்டு வாங்கி, பாட்டில் ஒட்டுத்தாள்ல தமிழ்ல என்னமோ எழுதி அலமாரியில வெச்சார். "கெட்டுப் போவாதுல்லா, இங்கயே இருக்கட்டும். நீ வாறப்ப எடுத்துட்டு வா"ன்னார்.

குழந்தை நவம்பர் 19ஆம் தேதி பிறந்துச்சு, பொண்ணு. பாட்டில் இப்பவும் என் அலமாரியில இருக்கு. ஒட்டுத்தாள்ல "பாப்பாவுக்கு, அடுத்த வருஷம்"னு இருக்கு. இன்னும் நாலு மாசம். டிக்கெட் போட்டுட்டேன்.